ஒரு நாள் போதும்னு யாரு சார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட வந்த கோடை சுற்றுலா இணைப்பை ஒரு வரி விடாம படிச்சேன். மாலத்தீவுக்கு ஒரு பக்கம், பாலிக்கு ஒரு பக்கம், கோவாவுக்கு அரைப் பக்கம். ஒரு வாரம் கடற்கரையில ஹாயா கெடந்துட்டு வர என்னென்ன பேக்கேஜ் இருக்கு, எந்த மாசம் போகலாம், எதை எடுத்துட்டுப் போகணும்னு எல்லாம் நல்லாவே போட்டிருந்தீங்க. கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன கட்டம், அதுல கன்னியாகுமரி. சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவின்னு வரிசையா எழுதி கடைசில "ஒரு நாள் போதும்"னு முடிச்சிருக்கீங்க. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

நான் நாகர்கோவில்ல டூரிஸ்ட் வேன் ஓட்டுறவன். இந்த ஒரு நாள் டிரிப்பைத்தான் வருசக்கணக்கா ஓட்டிட்டு இருக்கேன், அதனால அது எப்படி இருக்கும்னு உங்க நிருபரை விட எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே தெரியும். ராமேஸ்வரத்துல ராத்திரி சாப்பிட்டுட்டு ஏறுறவங்க விடியறதுக்கு முன்னாடி கன்னியாகுமரில கண்ணைக் கசக்கிட்டு எறங்குவாங்க. மொத்தக் குடும்பத்துக்கும் குளிக்க ஒரே ரூம். பாதிப் பேரு பல்லு கூட தேய்க்காம உதயம் பாக்க ஓடுவாங்க, அங்க போனா மேகம். சூரியன் வந்தாச்சுன்னு வெளிச்சத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அப்புறம் படகுக்கு க்யூ, லீவு நாள்ல அந்த க்யூ வளைஞ்சு வளைஞ்சு ரோட்டுக்கே வந்திடும், கொழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெயில்ல நின்னு நின்னு முன்னால போய்ச் சேரும்போது கடல் உள்வாங்கியிருக்கு படகு லேட்டாகும்னு மைக்ல சொல்லுவாங்க. நான் இங்க ஸ்டியரிங்ல கைய வச்சிட்டு வாட்ச்சைப் பாத்துட்டு இருப்பேன், ஏன்னா அடுத்து சுசீந்திரம் போகணும், மத்தியானம் நடை சாத்திருவாங்க. அதை விட்டா அரண்மனை. அதுவும் திங்கக்கிழமைன்னா லீவு, தெரியாம வந்து பூட்டுன கேட்டு முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனவங்க எத்தனையோ பேரு. சேலம் பக்கத்துல இருந்து வந்த ஒரு பாட்டி திற்பரப்புல வேனை விட்டே எறங்கல. "தம்பி, நீ ஏசியை மட்டும் ஆஃப் பண்ணாத, நான் இங்கனயே இருக்கேன், இதுவரைக்கும் பாத்ததே எனக்கு எது எதுன்னு ஞாபகம் இல்ல"ன்னு சொல்லிச்சு. அந்தப் பாட்டி சொன்னதை விட சரியா இந்த டூரைப் பத்தி யாரும் சொல்ல முடியாது.

கண்ணாடிப் பாலத்தைக் குறை சொல்லல. 2024 டிசம்பர் 30ஆம் தேதி தெறந்தாங்க, 77 மீட்டர் நீளம், விவேகானந்தர் பாறைல இருந்து நடந்தே வள்ளுவர் காலடிக்குப் போயிடலாம். முன்னாடி அங்க போகவும் படகுதான், அலை கொஞ்சம் கூடினா வள்ளுவருக்கு படகு கெடையாதுன்னு சொல்லிருவாங்க, 133 அடி சிலையைத் தூரத்துல இருந்து கும்பிட்டுட்டுத் திரும்பணும். அந்தக் கஷ்டம் தீந்தது நல்லதுதான். ஆனா பாருங்க, பாலம் வந்ததுக்கு அப்புறமும் யாரும் ஒரு நாள் கூடுதலா தங்கல, அதே ஒரு நாளுக்குள்ள இதையும் சேத்து திணிச்சிட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப நான் கேக்குறது இது. ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கணும், கடல் பக்கத்துல இருக்கணும், தென்னை மரம் வேணும், நல்ல மீன் வேணும், ராத்திரி அலைச் சத்தம் கேட்டுத் தூங்கணும், இதுக்காகத்தானே ஜனங்க பிளைட் ஏறிப் போறாங்க? எங்க மாவட்டத்துக்கு எழுபது கிலோமீட்டர் பக்கம் கடற்கரை இருக்கு சார். அதுல டூரிஸ்ட் காலு படுறது முனையில, அதாவது கன்னியாகுமரி ஊர்ல, ஒரு ரெண்டு கிலோமீட்டர். மிச்சத்தை வேன் ஜன்னல்ல கூட பாக்கிறது இல்ல, ஏன்னா பெரிய ரோடு கரையோரமா போகாது.

முனையை விட்டு மேற்கால வந்தீங்கன்னா மணக்குடி. பழையாறு கடல்ல வந்து சேருற எடம், சாயங்காலம் பாலத்து மேல நின்னா ஒரு பக்கம் கடல் இன்னொரு பக்கம் காயல். 2004 சுனாமில பழைய பாலத்தை அலை பேத்து எடுத்துட்டுப் போச்சு, இப்ப இருக்கிறது அதுக்கப்புறம் கட்டுனது. அதைத் தாண்டி சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை, எல்லாம் மணல் கரை, நடந்துட்டே இருக்கலாம். முட்டம் வந்தா கதையே மாறிடும், செம்மண் மேடும் பாறையும் லைட்ஹவுஸும், பாறை மேல அலை வந்து அடிக்கிறதைப் பாத்துட்டு ஒரு சாயங்காலம் முழுக்க சும்மா உக்காரலாம். அப்புறம் மணவாளக்குறிச்சில கருமணல், மண்டைக்காட்டுல அம்மன் கோயிலுக்குப் பின்னாலேயே கடல், குளச்சல்ல துறைமுகம், அதையும் தாண்டிப் போனா தேங்காப்பட்டணத்துல குழித்துறை ஆறு கடல்ல கலக்கிற பொழிமுகம். எனக்குப் புடிச்சது தேங்காப்பட்டணம் பக்கம்தான், அங்க தென்னை நெருக்கமா நிக்கிறதைப் பாத்தா கேரளான்னு நெனைப்பீங்க, 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கத்து ஆட்சியிலதானே இருந்தோம், சாப்பாட்டுலயும் பேச்சுலயும் அது இன்னும் மாறல.

ஒரு வாரம்னா இந்த இத்தனை எடத்தையும் சுத்தணும்னு நான் சொல்ல வரல, அப்படி எழுதினீங்கன்னா அதுவும் ஒரு பேக்கேஜ் ஆயிடும். ஏதாவது ஒரு கரையைப் புடிங்க. அங்கேயே கெடங்க. ஒரு நாளைக்கு ஒரு எடத்துக்குப் போங்க, இல்ல போகாதீங்க.

போன வருசம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு, புருசன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, அந்தம்மாவோட மாமியார். நான் சொல்லித்தான் துறை பக்கத்துல தெரிஞ்சவங்க வீட்டு மாடில தங்குனாங்க. அந்த சார் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி, வந்த அன்னைக்கு "வைஃபை இருக்கா"ன்னு கேட்டாரு, மறுநாளும் லேப்டாப்போட மொட்டை மாடில உக்காந்திருந்தாரு. எனக்கு இது தேறாத கேஸ்னு தோணிச்சு. வாரத்துக்கு நடுவுல ஒரு நாள் வெள்ளனே நான் வேனை எடுத்துட்டுப் போறேன், ஆள் கரையில கரமடி இழுத்துட்டு இருக்காரு.

கரமடி பாத்திருக்கீங்களா சார்? வள்ளத்துல வலையைக் கொண்டுபோய் கடலுக்குள்ள வளைச்சுப் போட்டுட்டு ரெண்டு பக்கக் கயிறையும் கரைக்குக் கொண்டு வந்திருவாங்க. அப்புறம் ரெண்டு வரிசையா ஆளுங்க நின்னு பின்னாலயே நடந்து நடந்து இழுக்கணும், குதிகால் மணல்ல புதையும். வரிசையில கடைசி ஆளு மேட்டுக்கு வந்ததும் கயிறை விட்டுட்டு திரும்ப தண்ணி ஓரத்துக்குப் போய் முன்னால புடிப்பான், இப்படியே சுத்திச் சுத்தி வரும். ஒரு பையன் உக்காந்து கயிறை வட்டமா சுத்தி வச்சிட்டே இருப்பான். மொதல்ல ரெண்டு வரிசைக்கும் நடுவுல நெறைய தூரம் இருக்கும், வலை பக்கத்துல வர வர ரெண்டு வரிசையும் நெருங்கி வரும், அப்பதான் சத்தம் கூடும், மேல பருந்து வட்டமடிக்க ஆரம்பிக்கும். மடி கரைக்கு வந்தா உள்ள நெத்திலி, சாளை, காரல், நடுவுல நாலஞ்சு சொறி, ஜெல்லி மீனைத்தான் சொல்லுறேன், அதைக் கையால தொடாம கம்பால தள்ளி விடுவாங்க. இழுத்தவங்களுக்குப் பங்கு உண்டு. நம்ம சாருக்கும் ஒரு கை நெத்திலி குடுத்தாங்க. உள்ளங்கை ரெண்டும் செவந்து தோல் உரிஞ்சு போய் அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல தூக்கிட்டு பொண்டாட்டி கிட்ட காட்ட ஓடுனாரு பாருங்க, அந்த மொகத்தை நான் எந்த ஒரு நாள் டிரிப்லயும் பாத்தது இல்ல. லேப்டாப் அதுக்கப்புறம் எங்க போச்சுன்னு நானும் கேக்கல.

மீனைப் பத்திச் சொல்லணும். டூர்ல வர்றவங்க முனையில ஹோட்டல்ல மீன் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுட்டு "பரவாயில்ல"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. கரையில தங்குனா காலைல ஏலம் முடிஞ்ச கையோட கூறு போட்டு விப்பாங்க, சாளை ஒரு கூறு, அயிலை ஒரு கூறு, அதிர்ஷ்டம் இருந்தா நெய்மீன். தேங்காயை மை மாதிரி அரைச்சு வச்ச மீன் கறியும் வேகவச்ச மரச்சீனியும் ஒரு தடவை சாப்பிட்டாத்தான் தெரியும், நான் எழுதி என்ன. மரச்சீனின்னா உங்க ஊர்ல மரவள்ளிக் கிழங்கு. அந்த மாமியார் மொதல்ல "இதென்ன கிழங்கும் மீனும்"னு மொகத்தைச் சுளிச்சாங்க, ஊருக்குப் போறப்ப ஒரு பை நெறைய கிழங்கை வேன்ல ஏத்துனது அவங்கதான்.

மீன்பிடித் தடைக் காலத்துல வந்தா மீனே கெடைக்காதுன்னு சில பேரு நெனைக்காங்க. எங்க மாவட்டத்துக்கு மட்டும் இதுல ஒரு வசதி இருக்கு. ரெண்டு பக்கக் கடலும் எங்களுக்கு உண்டுங்கிறதால தடையும் ரெண்டு. கிழக்குப் பக்கம், அதாவது சின்னமுட்டம் விசைப்படகுங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடை. மேற்குப் பக்கம் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். ஆக கோடை லீவுல கிழக்க படகு கட்டிக் கெடந்தாலும் மேற்க ஓடும். ரெண்டும் சேந்து நிக்கிறது ஜூன் மொத ரெண்டு வாரம்தான், அப்பவும் வள்ளம் கட்டுமரத்துக்குத் தடை கெடையாது. இதை உங்க இணைப்புல போட்டிருந்தா எத்தனை பேருக்கு உபயோகமா இருந்திருக்கும்.

பழம்னா மட்டி வாழைப்பழம். 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது, விரல் தண்டிக்குத்தான் இருக்கும், மணம் ரூம் முழுக்க வரும். எங்க ஊர்ல கைக்கொழந்தைக்கு மொதல்ல குடுக்கிற பழம் அதுதான். பங்குனி சித்திரைல வந்தா அக்கானி குடிக்கலாம், பதநீரைத்தான் சொல்லுறேன், வெயில் ஏறுறதுக்கு முன்னால பனையடியிலேயே குடிச்சிரணும்.

மத்தியானம் என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். தூங்குங்க. இதைச் சொன்னா சிரிக்காங்க, காசு குடுத்து வந்துட்டு தூங்கவான்னு. அதே ஆளு பாலில போய் நீச்சல் குளத்துப் பக்கத்துல சாய்வு நாற்காலில தூங்குறதுக்குக் காசு குடுப்பான், இங்க தென்னந்தோப்புல கயித்துக் கட்டில்ல தூங்கச் சொன்னா டைம் வேஸ்ட்டும்பான்.

சுத்திப் பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கும் ஒரு வாரம் இருந்தாத்தான் இந்த ஊரோட கதை புரியும். குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்துல ஒரு தூண் நிக்குது, வேன்ல வர்றவங்க அதைப் பாக்கிறதே இல்ல. 1741ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரனைத் தோக்கடிச்சதுக்கு வச்ச தூண். அந்தச் சண்டைல புடிபட்ட டிலனாய்ங்கிற டச்சு அதிகாரி அப்புறம் ராஜாகிட்டயே வேலைக்குச் சேந்து திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்தாரு. கன்னியாகுமரிக்குக் கிழக்க கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற வட்டக்கோட்டை அவரு கட்டுனது. அவரு கல்லறை புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு. அங்கேருந்து கூப்பிடு தூரத்துல அந்த ராஜாவோட பத்மநாபபுரம் அரண்மனை. இதை ஒரே நாள்ல பாத்தா நாலு பழைய கட்டடம். ஒரு நாளைக்கு ஒண்ணா பாத்துட்டு சாயங்காலம் கடல்ல வந்து உக்காந்தீங்கன்னா ஒரே ஆளோட வாழ்க்கை. நான் இதைக் கோயம்புத்தூர் பிள்ளைங்களுக்கு பிச்சுப் பிச்சு நாலு நாளாச் சொன்னேன், சின்னவன் தெனமும் காலைல வந்து "டிரைவர் மாமா, அந்த டச்சுக்காரன் அப்புறம் என்ன ஆனான்"னு கேப்பான்.

அரண்மனையை மட்டும் அவசரப்படாம பாருங்க. தரை கருப்பா கண்ணாடி கணக்கா மின்னும், சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேத்துப் போட்டதுன்னு சொல்லுவாங்க. மரம் பூரா செதுக்கு வேலை. இருக்கிறது தமிழ்நாட்டுல, பாத்துக்கிறது கேரளா தொல்லியல் துறை, ஒவ்வொரு நவராத்திரிக்கும் அங்கேருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமா திருவனந்தபுரம் போய்ட்டு வரும். டிசம்பர் ஜனவரில வர்றவங்க சுசீந்திரம் தேரூர் குளத்துப் பக்கம் காலைல ஒரு நடை போங்க, நாரையும் கூழைக்கடாவும் நெறைய வரும், 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட பட்டியல்ல சேத்தாங்க.

எந்த மாசம்னா, என் கணக்குல ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும். நவம்பர் நடுவுல இருந்து பொங்கல் வரைக்கும் ஐயப்ப சாமிங்க கூட்டம், முனையில ரூம் கெடைக்காது, ஆனா மேற்குக் கரை கிராமங்கள்ல கிறிஸ்துமஸ் சமயம் ஒவ்வொரு வீட்டுலயும் நட்சத்திரமும் குடிலும் போட்டு ஊரே ஜொலிக்கும், அதைப் பாக்கவே ஒரு தடவை வரலாம். ஜூன் ஜூலைல தென்மேற்குப் பருவமழை, கடல் கோவமா இருக்கும், குளிக்க ஆசைப்படுறவங்க அப்ப வராதீங்க. மழையையும் அலையையும் பாத்துட்டு வீட்டுக்குள்ள சாயாவும் பழம்பொரியுமா இருக்கிறவங்க தாராளமா வரலாம்.

குளிக்கிறதுன்னு சொன்னதும் ஒரு விசயம், இதை எழுதத்தான் எனக்கு ரொம்ப மனசு அடிச்சுக்குது. 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவங்க அலைல போய்ட்டாங்க. அஞ்சும் படிக்கிற பிள்ளைங்க. அன்னைக்கு வானம் பாத்தா ஒண்ணும் தெரியாது, புயலும் இல்ல மழையும் இல்ல. கள்ளக்கடல்னு மீனவங்க சொல்லுவாங்க. எங்கேயோ தெற்க இந்தியப் பெருங்கடல்ல காத்து அடிச்சு கெளம்புற அலை பல நாள் பயணம் பண்ணி இங்க வந்து சேரும், நம்ம ஊர்ல காத்தே இருக்காது, திடீர்னு கடல் கரைக்கு ஏறி வரும். சத்தம் காட்டாம திருடன் மாதிரி வர்றதாலதான் அந்தப் பேரு, யுனெஸ்கோவே 2012ல அந்தப் பேரை ஏத்துக்கிச்சு. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு மையம் அந்த சமயத்துலயும் எச்சரிக்கை குடுத்திருந்தது. அது வெளியூர்ல இருந்து கல்யாணத்துக்கும் டூருக்கும் வர்ற பிள்ளைங்க காதுக்குப் போய்ச் சேருறதுக்கு என்ன வழி இருக்கு?

கள்ளக்கடல் இல்லாத நாள்லயும் இழுப்பு இருக்கும். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு ஓடை மாதிரி வழி எடுத்துக்கும், அந்த எடத்துல அலை ஒடையாது, பாக்க அமைதியா தெரியும். வெளியூர்க்காரங்க அலை இல்லையேன்னு சரியா அங்கதான் எறங்குவாங்க. இழுத்துட்டுப் போனா கரையைப் பாத்து நீச்சல் போடக்கூடாது, சோந்து போயிடுவோம், கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த ஓடையை விட்டு வெளிய வந்துட்டுத்தான் கரைக்குத் திரும்பணும். இதெல்லாம் எழுதிப் போட்டுக்கலாம், ஆனா சிறந்த வழி எறங்குறதுக்கு முன்னால வலை பின்னிட்டு உக்காந்திருக்கிற ஒரு பெரியவரைக் கேக்கிறது. "இன்னைக்கு கடல் கொள்ளாது மக்கா, எறங்கப்பிடாது"ன்னு அவரு சொன்னா அப்பீலே கெடையாது. ஒரு நாள் டூர்ல வர்றவனுக்கு அவரைக் கேக்க நேரம் இல்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட நாளையும் இல்ல, இன்னைக்கே எறங்கியாகணும். ஆபத்து பாதி அதுல இருக்கு சார்.

எங்க ஊர்ல குறையே இல்லன்னு நான் எழுதல. பல பீச்ல பொம்பளைங்க டிரெஸ் மாத்த ஒரு மறைப்பு கெடையாது, டாய்லெட் கட்டி வச்சிருப்பாங்க பூட்டு தொங்கும், சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டா ஆட்டோக்காரன் சொல்றதுதான் ரேட்டு. முனையில ஒரு லாட்ஜ்ல சூரிய உதயம் தெரியிற ரூம்னு எக்ஸ்ட்ரா வாங்கிட்டு ஜன்னலைத் தொறந்தா அடுத்த லாட்ஜோட சுவரு, கேட்டா மாடிக்கு ஏறிப் பாருங்கன்னு பதில். வர்றவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. காய வச்ச வலை மேல செருப்போட நடக்கிறது, பாட்டிலை பாறையில ஒடச்சுப் போடுறது, மீன் விக்கிற அக்காவைக் கேக்காம கொள்ளாம மொகத்துக்கு நேரா வீடியோ எடுக்கிறது. அது அவங்களுக்கு வேலை செய்யிற எடம், நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் வந்து இப்படிப் பண்ணா விடுவோமா?

இதனால எங்க வேன் ஸ்டாண்டுலயே எனக்கும் மத்தவங்களுக்கும் வாக்குவாதம். பெரிய ரிசார்ட் வரணும், கோவா மாதிரி ஆகணும்ங்கிறது அவங்க கட்சி. எனக்கு அதுல விருப்பம் இல்ல. ரிசார்ட் வந்தா மொத வேலையா வேலி போடுவான், வள்ளம் ஏத்தி வைக்கிற எடம் போயிடும், கரமடி இழுக்க எடம் இருக்காது, அப்புறம் வர்றவன் எதைப் பாக்க வருவான்? துறையில நெறைய வீட்டுல பிள்ளைங்க வெளிநாட்டுல, மாடி சும்மா பூட்டிக் கெடக்கு. அதை ஒழுங்கா பதிவு பண்ணி, சுத்தமா வச்சு, ஒரு வாரத்துக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விட்டா அந்த அம்மாமாருக்கு சமையல் காசும் சேத்து வரும். எனக்கும் ஒரே நாள்ல திற்பரப்பு வரைக்கும் வேனை வெரட்டுற வேலை கொறையும், டயரும் மிஞ்சும்.

ஒரு வாரம் லீவு எடுக்க எங்க முடியுதுன்னு கேக்கிற வாசகர்கள் இருப்பாங்க. நியாயம்தான். அப்ப மூணு நாள் எடுங்க, ஆனா மூணு நாளும் ஒரே எடத்துல இருங்க. சென்னைல இருந்து வந்தே பாரத் நாகர்கோவில் வரைக்கும் வருது, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சாயங்காலம் ஏறினா காலைல எறங்கலாம். மாலத்தீவுக்குப் போறவங்க போகட்டும், நல்லா இருக்கும்னுதான் சொல்றாங்க, அதுக்கு நான் எதிரி இல்ல.

கடைசியா உங்க கிட்ட ஒரு கோரிக்கை. உங்க நாகர்கோவில் பதிப்புல தெனமும் தங்கம் விலை போடுறீங்க, அணை நீர்மட்டம் போடுறீங்க, ராசிபலனுக்கு அரைப் பக்கம் குடுக்கிறீங்க. அதுக்குப் பக்கத்துல ரெண்டே வரி இடம் ஒதுக்கி இன்னைக்கு அலை எப்படி, கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கா இல்லையான்னு போடுங்க. இன்காய்ஸ் வெளியிடுறதை அப்படியே எடுத்துப் போட்டாலே போதும். காலைல டீக்கடையில பேப்பர் படிக்கிற எங்களை மாதிரி டிரைவர்ங்க கண்ணுல அது பட்டா, அன்னைக்கு வேன்ல ஏறுற ஒவ்வொருத்தர் கிட்டயும் நாங்க சொல்லிருவோம். அடுத்த சுற்றுலா இணைப்பு எப்ப வரும்னு தெரிஞ்சா சொல்லுங்க, தங்குற வீடு, பஸ் டைம், எந்தக் கரையில எந்த மாசம் குளிக்கலாம்ங்கிற விவரம் எல்லாம் எங்க ஸ்டாண்டுல உக்காந்து நாலு பேரு கிட்ட கேட்டு நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வேன் டிரைவர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்